வண்டியில் அடிபட்ட செவலை

வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும் குதிரைக்கு மூன்று நேரத்தில் அடிபடும்: ஏற்றும்போது, வண்டி ஓடும்போது, இறக்கும்போது. ஏற்றும்போது பலகையில் குளம்பு வழுக்கி முழங்கால் தோல் உரியும். மிரண்டு தலையைத் தூக்கினால் மேல்கம்பியில் உச்சி இடிக்கும். இறக்கும்போது பின்னால் எவ்வளவு பள்ளம் என்று தெரியாமல் குதித்து மூட்டுப் பிசகும். ஓடும்போது படுவது பலவகை. திடீரென்று பிரேக் போட்டால் மார்பு முன்பலகையில் மோதும். வளைவில் சரிந்தால் விலா உராயும். எல்லாவற்றிலும் மோசமானது, பின்கதவுக்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பின்னங்கால் சிக்குவது. குதிரை ஓடியே உயிர் பிழைத்துப் பழகிய பிராணி. கால் பிடிபட்டது என்று தெரிந்ததும் உடம்பிலுள்ள பலம் முழுவதையும் கொடுத்து இழுக்கும். முட்டிக்குக் கீழே அதற்குச் சதை கிடையாது. தோல், தசைநார், எலும்பு, அவ்வளவுதான். அந்த இழுப்பில் தோல் கிழிந்து குளம்பு வரைக்கும் தொங்கிவிடும்.

வாழப்பாடிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு அந்தியூர்ச் சந்தையிலிருந்து வந்த செவலைப் பெண்குதிரைக்கு நேர்ந்தது இதுதான். தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி வருவதற்கு முந்தைய ஓர் ஆடி மாதம் அது. அந்தக் குதிரையோடு கழிந்த மாதங்களில் பார்த்ததும் கற்றதும் இங்கே வரிசையாக வருகின்றன.

ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு அருகே புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் இருக்கிறது. ஆடித் திருவிழாவை ஒட்டி அங்கே கூடும் கால்நடைச் சந்தை, தென்னாட்டில் குதிரை வாங்க நினைப்பவர்கள் முதலில் நினைக்கும் இடம். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும் கத்தியவாரியும் மார்வாரியும் வரும். நாட்டுக் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் வரும். சேலம், நாமக்கல் பக்கத்து ரேக்ளாக்காரர்களும், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்களும், ஆசைக்கு வளர்க்கும் தோட்டக்காரர்களும் அங்கே போய்ச் சுற்றுவார்கள். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம், வயிற்றில் உண்டா என்று கையால் தடவித் தடவிப் பார்ப்பார். பிறகு உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்ப்பார். அதில் வயது தெரியும். நடக்கவிட்டு, ஓடவிட்டு, திருப்பிப் பார்ப்பார். துண்டு போட்டு விலை பேசி, கயிறு கைமாறும். அரை நாள், ஒரு நாள் கூட இதற்குச் செலவாகும். குதிரையை எதில் கொண்டுபோவது என்ற யோசனை மட்டும் கயிறு மாறிய பிறகுதான் வரும். யாருக்கோ போன் போட்டால், காலையில் செங்கல்லோ வாழைத்தாரோ ஏற்றி இறக்கிய பிக்கப் ஒன்று வந்து நிற்கும். செவலைக்கு வந்ததும் அப்படி ஒரு வண்டிதான்.

கயிறு மாறிவிட்டால் அதன்பின் வரும் நட்டம் வாங்கியவரைச் சேர்ந்தது என்பது சந்தை வழக்கம். தமிழ்நாட்டுக் குதிரை வணிகத்தில் இது எப்போதும் இப்படியே இருந்ததில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் மரக்கலத்தில் வந்துகொண்டிருந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கின்படி, கெய்ஸ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஏற்பாடு இருந்தது. ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். கரை சேரும் முன் வழியில் குதிரை செத்துப்போனாலும் விலையை அரசன் கருவூலத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இப்படி வாங்குகிறவனே இழப்பைச் சுமந்தபோது, ஏற்றி வருகிறவனுக்குக் குதிரையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற அக்கறை எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. அதே காலத்தில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இவ்வளவு குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் மிஞ்சுவது சொற்பம், லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்று எழுதினார். 700 ஆண்டு கழித்தும் அந்தக் குறை முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. மாட்டுக்கு வைத்தியம் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். குதிரைக்கு அப்படி இல்லை.

அந்தியூரிலிருந்து பவானி, சங்ககிரி, சேலம், அயோத்தியாப்பட்டணம் வழியாக வாழப்பாடிக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. வெயிலுக்குப் பயந்து இரவில் கிளம்பியது நல்ல முடிவு. மற்றதெல்லாம் கோளாறு. தளம் வெறும் இரும்புத் தகடு. அதன்மேல் பரப்பிய வைக்கோல், பவானி வருவதற்குள் குளம்பு பட்டு ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. மூத்திரம் பட்ட தகட்டில் லாடம் வழுக்கும். நிற்க முடியாத குதிரை காலை அகட்டி அகட்டி வைத்துத் தன்னைத் தாங்கப் பார்க்கும். அதனால் பின்னங்கால் பின்கதவை ஒட்டியே நின்றிருக்கிறது. பின்கதவின் கீழ்விளிம்புக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு குளம்பு நுழையும் அளவுக்கு இடைவெளி. தலைக்கயிற்றை மேலே உயர்த்திக் கட்டியிருந்தார்கள். காரிப்பட்டி தாண்டி, முன்னால் போன லாரி வேகத்தடையில் நின்றபோது இந்த வண்டியும் சட்டென்று நின்றது. பின்னால் தகடு அதிர்ந்த சத்தம் ஓட்டுநருக்குக் கேட்டது. அவர் அதை அலட்சியப்படுத்தாமல் ஓரங்கட்டினார். அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். இன்னும் இரண்டு கிலோமீட்டர் அப்படியே இழுத்திருந்தால் கால் மிஞ்சியிருக்காது.

கால் சிக்கிய குதிரையிடம் முதலில் செய்ய வேண்டியது காலை விடுவிப்பது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் தலைப்பக்கம் ஆள் இல்லாமல் பின்கதவைத் திறந்தால் அது பின்னால் பாய்ந்து சாலையில் விழும். இருட்டில், சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில், லாரிகள் போகும் நேரத்தில் அப்படி விழுந்தால் குதிரையும் போகும், மனிதரும் போவார். நல்லவேளையாக உடன் வந்த பெரியவர் ஒருவர் வாழ்நாள் முழுக்க ஜட்கா ஓட்டியவர். அவர் முன்பக்கமாக ஏறி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குதிரையின் கண்ணை மூடிக் கட்டினார். மேலே இருந்த கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்தினார். கழுத்தில் கையை வைத்து, ஒரே குரலில் பேசிக்கொண்டே இருந்தார். உதறல் அடங்கிய பிறகுதான் கீழே இருந்தவர்கள் கொக்கியைக் கழற்றிக் கதவை மேலே நெம்பினார்கள். குளம்பு தானாக விடுபட்டது.

அடுத்த சிக்கல், இறக்குவது. மூன்றடி உயரத்திலிருந்து மூன்று காலில் குதிரையைக் குதிக்கவிட முடியாது. அந்தச் சாலை நெடுக மரவள்ளிக்கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகள் உண்டு. அங்கே லாரியின் தள உயரத்துக்கு மூட்டை ஏற்றும் மேடை இருக்கும். காவல்காரரை எழுப்பி, மேடையை ஒட்டி வண்டியைப் பின்னுக்கு விட்டு, சமதளத்தில் நடத்தி இறக்கினார்கள். இது எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். மேடை இல்லாவிட்டால் ஏரிக்கரையோ, சாலையோர மண்மேடோ போதும். சாய்வுப்பலகை இல்லாத வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். குதிரையைப் பள்ளத்துக்குத் தள்ளக் கூடாது.

வெளிச்சத்தில் பார்த்தபோது வலது பின்னங்காலில், முட்டிக்கும் கணுவுக்கும் நடுவே முன்பக்கத் தோல் முழுக்கக் கிழிந்து கீழே மடிந்து தொங்கியது. ரத்தம் வழிந்து குளம்பு தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் குதிரை பிழைக்காது என்றே முடிவுகட்டினார்கள். குதிரையின் உடம்பில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று தெரியாததால் வரும் பயம் அது. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஏறத்தாழ 28 லிட்டர் ரத்தம் உண்டு. தரையில் இரண்டு மூன்று லிட்டர் சிந்தினால் பார்க்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் அதனால் மட்டும் சாகாது. நிலைமையைச் சொல்வது ஈறு. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெள்ளையாகவோ நீலம் பாரித்தோ இருந்து, நாடி நிமிடத்துக்கு 60, 80 என்று ஓடினால்தான் ஆபத்து. ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடி 28 முதல் 44 வரை. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் கிடைக்கும்.

ரத்தத்தை நிறுத்த வேண்டியது அழுத்தம், வேறெதுவும் இல்லை. சுத்தமான வேட்டியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் கால் மணி நேரம் அழுத்திப் பிடித்தார்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது மறுபடி பிளந்துகொள்ளும். ஊறி வந்தால் அதன்மேலேயே இன்னொரு துணியை வைக்க வேண்டும். காலுக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். அது கீழே உள்ள பாகம் முழுக்கச் செத்துப்போக வழி. இதற்குள் ஒருவர் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துக்கொண்டு வந்தார், இன்னொருவர் காபித்தூள் பொட்டலத்தோடு நின்றார். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் வந்தார்கள். குதிரையை வாங்கிய தோட்டக்காரர் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார்.

“டாக்டர், சுண்ணாம்பு வச்சுக் கட்டட்டுங்களா? ரத்தம் நிக்கமாட்டேங்குதுங்க.”

“அண்ணா, எதையும் வைக்காதீங்க. துணியை வச்சு அழுத்தியே பிடிங்க. நின்னதும் உப்புத் தண்ணி ஊத்துங்க. காலை ஊனுதா?”

“நுனிய மட்டும் வைக்குதுங்க.”

“நடக்க விடாதீங்க. நான் வர்ற வரைக்கும் அங்கேயே நிக்கட்டும்.”

காயத்தில் பொடி வைத்துக் கட்டுவது எவ்வளவு கெடுதல் என்பது அவர் வந்து கழுவியபோது தெரிந்தது. துணி வைப்பதற்கு முன்பே ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் தூவிவிட்டிருந்தார்கள். அதைச் சதையிலிருந்து சுரண்டி எடுக்கவே நிறைய நேரம் போனது. சுண்ணாம்பு சதையைச் சுட்டுவிடும். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினாலும் அப்படித்தான். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. இதைவிடப் பாதுகாப்பான கழுவுநீர் வீட்டில் கிடையாது. ஊசி மாட்டிய பெரிய சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சினால் மண்ணும் முடியும் வெளியே வரும்.

மருத்துவர் வந்ததும் காயத்தின் பக்கமே போகவில்லை. முதலில் தள்ளி நின்று குதிரை முழுவதையும் பார்த்தார். வெப்பநிலை, நாடி, மூச்சு, ஈறு, குடல் சத்தம் எல்லாம் பார்த்த பிறகே காலுக்குக் குனிந்தார். காலில் அவர் தேடியது மூன்று விஷயம். ஒன்று, எலும்பு முறிவு. இரண்டு, தசைநார், அதாவது ஊரில் எல்லோரும் நரம்பு என்று சொல்வது. காலின் முன்பக்கத்து நார் அறுந்தால் கணு முன்னால் மடங்கிக் குளம்பு இடறும்; கட்டும் ஓய்வும் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். பின்பக்கத்து நார் அறுந்தால் ஊன்றும்போது குளம்பின் நுனி மேலே தூக்கும். அது வேறு கதை, பல குதிரைகள் அதோடு முடிந்துபோயிருக்கின்றன. மூன்றாவது, மூட்டு. மூட்டுக்குள் ஓட்டை விழுந்தால் மஞ்சள் நிறத்தில் பிசுபிசுவென்று நீர் கசியும். காயம் சுண்டுவிரல் அளவே இருந்தாலும் கிருமி உள்ளே போனால் சில மணி நேரத்தில் மூட்டு கெட ஆரம்பிக்கும். ஆளை மிரட்டும் பெரிய கிழிசலைவிட மூட்டருகே உள்ள சின்ன ஓட்டை ஆபத்தானது என்று அவர் சொன்னது அங்கிருந்த யாருக்கும் அதுவரை தெரியாத செய்தி.

செவலைக்கு மூட்டு தப்பியிருந்தது. பின்பக்கத்து நார்களும் தப்பின. முன்பக்கத்து நார் பாதி நைந்திருந்தது. எலும்பின் மேல்சவ்வு உரிந்து, வெள்ளை எலும்பு உள்ளங்கை நீளத்துக்குத் தெரிந்தது. மயக்க ஊசி போட்டு, உயிருள்ள தோலை மேலே இழுத்துத் தைத்து, கீழே நீர் வடிய வழி விட்டார். பஞ்சும் கட்டுத்துணியும் மாறிமாறிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் முந்தியதைவிட இறுக்கி, முட்டிக்கு மேலே வரைக்கும் கனமான கட்டாகப் போட்டார். அரைக்கட்டு கட்டினால் அது கால் நடுவில் வரம்பு போட்டதுபோல் அழுத்தி வீங்கவைக்கும்.

பிறகு இரண்டு ஊசி, டெட்டனஸுக்கு. வீட்டுப் பிராணிகளில் டெட்டனஸுக்குக் குதிரையளவு சீக்கிரம் பலியாவது வேறில்லை. அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. குதிரையின் லத்தியிலேயே இருக்கிறது. நோய் வந்தால் கண்ணின் உள்மூலைச் சவ்வு பாதிக் கண்ணை மறைக்கும், காது விறைக்கும், வால் தடிபோல் நீட்டிக்கொள்ளும், வாய் திறக்காது. அந்த நிலைக்கு வந்த பிறகு காப்பாற்றுவது அரிது. சந்தையில் வாங்கிய குதிரைக்கு முன்பு தடுப்பூசி போட்டார்களா என்பது வாங்கியவருக்குத் தெரியாது. அதனால் உடனே பலன் தரும் மாற்று மருந்தும், பிறகு பலன் தரும் தடுப்பூசியும் சேர்த்துப் போடுகிறார்கள். குதிரைக்கு எவ்வளவு சின்னக் கீறல் பட்டாலும் இந்த ஒன்றை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது.

கட்டுப் போட்ட குதிரை தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே பாக்கு காய வைக்கும் களத்தை ஒட்டிய கொட்டகையைக் காலிசெய்து, மணல் கொட்டி, அதன்மேல் தேங்காய் நார்க்கழிவும் வைக்கோலும் பரப்பி இடம் தயார் செய்தார்கள். இரண்டாம் நாள் உடம்பு சுட்டது. குதிரைக்கு இயல்பான வெப்பம் 99 முதல் 101 பாரன்ஹீட். அன்று 103 காட்டியது. காயம் சீழ் பிடித்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கட்டைப் பிரித்தபோது காயம் சுத்தமாக இருந்தது. மூக்கில் சளி வந்தது. காரணம், வண்டியில் தலையை உயர்த்திக் கட்டியது. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வடியும். பல மணி நேரம் தலை உயர்ந்தே இருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சலாக மாறும். தீவனத்தைத் தரையில் வைத்துத் தின்ன வைத்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கிவிட்டது. நீண்ட பயணம் வந்த குதிரைக்கு, காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்று நாள் காலையும் மாலையும் வெப்பம் பார்ப்பது நல்ல பழக்கம்.

அடிபட்ட குதிரையைக் கொட்டகையில் கட்டிப்போட்டால் வேறு தொல்லைகள் வரும். வேலை இல்லாத குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டே இருந்தால் கொழுப்பேறி, குளம்புக்குள் அழற்சி வரும். அடிபட்ட காலின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும் மறு காலில் அது சீக்கிரம் வரும். ஆகவே கொள்ளைக் குறைத்து, பசும்புல்லும் சோளத்தட்டையும் கூட்டினார்கள். நல்ல காலுக்கும் தாங்குகட்டுப் போட்டார்கள். தினமும் அந்தக் குளம்பைத் தொட்டு, சூடாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. நடக்காத குதிரைக்குக் குடல் மந்தமாகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிறு உப்பினால் உயிருக்கே ஆபத்து. லத்தி எத்தனை முறை போட்டது, தண்ணீர் எத்தனை வாளி குடித்தது என்று கொட்டகைக் கதவில் கரியால் கோடு போட்டு வைத்தார் அந்தப் பெரியவர். இப்படிப்பட்ட கணக்கு எந்த மருந்துக்கும் குறைந்ததில்லை.

கட்டு மாற்றுவது அடுத்த பெரிய வேலை. ஆடி போய் ஆவணி வந்து மழை பிடித்ததும் ஈ பெருகியது. கட்டு நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். காயத்தில் ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும். கட்டின் மேல்விளிம்பைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினார்கள், காயத்துக்குள் தடவவில்லை. பிரிக்கும்போது நாற்றம் மாறினால், கட்டுக்கு மேலே வீக்கம் தெரிந்தால், முந்தைய நாள் ஊன்றிய காலை இன்று ஊன்றாவிட்டால், மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குதிரை முதலில் எட்டி உதைத்தது. கட்டு மாற்றும் நேரத்தில் தலைப்பக்கம் நின்று கையில் கொஞ்சம் வெல்லம் காட்டிப் பழக்கிய பிறகு, கத்தரிக்கோல் சத்தம் கேட்டாலே காலைத் தளர்த்திக்கொள்ளும்.

சில வாரம் போன பிறகு இளஞ்சிவப்புச் சதை காயத்துக்கு மேலே பொங்கி வளர்ந்தது. துர்மாமிசம் என்று சொல்வார்கள். முட்டிக்குக் கீழே அடிபட்ட குதிரைகளுக்கு இது அடிக்கடி வரும். சதை உயர்ந்துவிட்டால் சுற்றியுள்ள தோல் அதன்மேல் ஏற முடியாமல் ஓரத்திலேயே நின்றுவிடும். மயில்துத்தம் வைத்துச் சுட்டுவிடலாம் என்பது பழைய கைவைத்தியம். துத்தம் பொங்கிய சதையோடு, ஓரத்தில் புதிதாக வரும் மெல்லிய தோலையும் சேர்த்தே எரித்துவிடும். மருத்துவர் கத்தியால் சமமாகச் சீவினார். ரத்தம் நிறைய வந்தது. வலி இல்லை, அந்தச் சதையில் உணர்ச்சி நரம்பு கிடையாது. புதுத்தோல் கால்பகுதியில் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் வளரும். ஒரு மாதத்தில் ஆறவில்லையே என்று மருத்துவரை மாற்றுவதும் மருந்தை மாற்றுவதும் இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

அப்படியும் ஓரிடத்தில் மட்டும் சின்ன ஓட்டை மூடாமல் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. மேல்சவ்வு உரிந்த எலும்பில் ஒரு சில்லு ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போய், உள்ளே அந்நியப் பொருளாக உட்கார்ந்திருக்கும். அடிபட்ட அன்றே எக்ஸ்ரே எடுத்தால் இது தெரியாது. சில வாரம் கழித்துத்தான் பிரிந்து தெரியும். எடுத்தெறியும் வரைக்கும் எந்த மருந்துக்கும் ஓட்டை மூடாது. படம் எடுக்க நாமக்கல் போக வேண்டியிருந்தது. 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிதான் அப்போது இந்தப் பக்கத்துக்கு இருந்த பெரிய மருத்துவமனை.

அதாவது, குதிரையை மறுபடியும் வண்டியில் ஏற்ற வேண்டும். காயத்தைவிட இது கடினமாக இருந்தது. வண்டியின் எஞ்சின் சத்தம் வேலிக்கு அப்பால் கேட்டாலே செவலை வியர்க்கும், மூக்கு விரியும், கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வரும். நாலு பேர் சேர்ந்து பின்னால் கயிறு போட்டுத் தள்ளினால் ஏறிவிடும் என்று சொன்னவர்கள் உண்டு. ஏறும், அடுத்த தடவை எவராலும் ஏற்ற முடியாது. தோட்டக்காரர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளூர்த் தச்சரிடம் சொல்லி, நீண்ட சாய்வுப்பலகை ஒன்று செய்து, குறுக்கே சட்டம் அடித்து, மேலே தேங்காய்நார்ப் பாய் தைத்தார்கள். முதலில் பலகையை வெறும் தரையில் போட்டு, அதன்மேல் நடக்கவிட்டார்கள். வண்டியைக் களத்தில் எஞ்சின் போடாமல் நிறுத்தி, பக்கத்தில் புல் போட்டார்கள். பிறகு பலகையின் அடியில் புல், அப்புறம் பலகையின் நடுவில், கடைசியில் வண்டிக்குள். ஒவ்வொரு நாளும் குதிரை தானாகத் திரும்பி இறங்க நினைக்கும் முன்பே மனிதர்கள் அதை இறக்கிவிட்டார்கள். ஏறினால் அடைத்துவிடுவார்கள் என்ற எண்ணம் அதற்குப் போக வேண்டும். பிறகு எஞ்சின் போட்டு நிறுத்துவது, தோட்டத்துக்குள்ளேயே ஒரு சுற்று வருவது என்று பழக்கினார்கள். இவ்வளவு பொறுமை ஒரு பிராணிக்குத் தேவையா என்று கேட்டவர்களுக்கு, நாமக்கல் போய்த் திரும்பிய அந்தப் பயணமே பதில்: ஒரு கீறல்கூட இல்லை.

அடிபட்ட குதிரையை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பதற்கும் முறை உண்டு. பிரேக் போட்டால் உடம்பின் பாரம் வண்டி போகும் திசைக்குச் சாயும். அதனால் பின்னங்காலில் அடிபட்டிருந்தால் முகம் முன்னாலும், முன்னங்காலில் அடிபட்டிருந்தால் முகம் பின்னாலும் இருக்கும்படி நிறுத்த வேண்டும். நல்ல கால்கள் பாரத்தை வாங்கிக்கொள்ளும். நாமக்கல்லில் எலும்புச் சில்லை எடுத்தார்கள். புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. அதன்பின் ஓட்டை மூடிவிட்டது.

குதிரையை வண்டியில் கொண்டுபோக இந்தியாவில் 1978 முதல் விதிகள் இருக்கின்றன. 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தவை அவை. பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். தளத்தில் வழுக்காத விரிப்பு வேண்டும். ஏற்றி இறக்கச் சாய்வுப்பலகை வேண்டும், முதலுதவிப் பெட்டி கூடவே போக வேண்டும். குதிரைகளுக்கு நடுவே குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில் தடுப்பும், விழாமல் இருக்கப் பின்னால் இரண்டு உறுதியான கட்டைகளும் வேண்டும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமல் இருக்க, தலை இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒரு வண்டியில் நாலு முதல் ஆறு குதிரைக்கு மேல் ஏற்றக் கூடாது. வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2016 முதல் மோட்டார் வாகன விதியிலும் குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் இடம் என்று சேர்த்திருக்கிறார்கள். செவலை ஏறிய இரவில் அந்தப் பின்கட்டைகள் இரண்டும் இருந்திருந்தால் குளம்பு பின்கதவு வரைக்கும் போயிருக்காது. இந்த விதிகளை எழுதியவர்கள் குதிரையைத் தெரிந்தவர்கள். சந்தையில் அவற்றைக் கேட்கிறவர்கள்தான் இல்லை.

செவலை அடுத்த தை வாக்கில் கட்டில்லாமல் நடந்தது. காலின் முன்பக்கத்தில் முடி முளைக்காத நீண்ட தழும்பு நின்றுவிட்டது. காலை எடுத்துவைக்கும்போது குளம்பின் நுனி லேசாக உராயும். ரேக்ளாவில் பூட்டவில்லை. தோட்டத்தில் இனவிருத்திக்கு வைத்துக்கொண்டார்கள், குட்டி ஈன்றது. சாய்வுப்பலகை அந்தச் சுற்றுவட்டாரத்தில் கேட்கிறவர்களுக்கெல்லாம் போய் வந்தது.

இன்று ஆத்தூர் தாண்டித் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. ஆடியில் அந்தியூருக்குக் கிளம்புகிறவர்கள் அந்த எண்ணைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். நார்ப்பாயும், பின்னால் கட்ட இரண்டு கட்டையும், சாய்வுப்பலகையும் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். சுழி பார்க்கும் அதே பொறுமையோடு வண்டியின் பின்கதவுக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். குளம்பு நுழையும் இடைவெளி இருந்தால், அந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.